மூன்றாம் இடத்தில் அமர்ந்த அன்னை: சிங்கப்பூர் ஸ்ரீ மாரியம்மன் ஆலயமும் நாராயண பிள்ளையும்

சிங்கப்பூரின் சவுத் பிரிட்ஜ் சாலையில் வெயில் ஏறுவதற்கு முன்பே ஆலயத்தின் நாகசுர ஓசை கேட்கத் தொடங்கிவிடுகிறது. சாலையின் ஒரு புறம் வானளாவிய அலுவலகக் கட்டடங்கள். மறுபுறம் சீனர்களின் பழைய கடைவீடுகள். இவற்றின் நடுவே, வண்ணச் சுதைச் சிற்பங்கள் நிறைந்த கோபுரத்துடன் ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் எழுந்து நிற்கிறது. கோபுர வாயிலில் பாதரட்சைகள் வரிசையாகக் கழற்றி விடப்பட்டிருக்கின்றன. பெரிய கதவுகளில் பதித்துள்ள சிறு மணிகளைத் தட்டி ஒலித்து, அன்னைக்குத் தம் வருகையை அறிவித்துவிட்டு அடியார்கள் உள்ளே நுழைகிறார்கள். அலுவலகத்துக்கு விரையும் இளைஞரும், பேரன் கையைப் பிடித்து நடக்கும் பாட்டியும், புகைப்படக் கருவியுடன் வந்த வெளிநாட்டவரும் ஒரே வாயிலைக் கடக்கிறார்கள்.

சிங்கப்பூரின் மிகப் பழமையான இந்து ஆலயம் இது. தமிழகத்திலிருந்து பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோர் பலரும் அங்கே முதலில் தரிசிக்கும் தலமும் இதுவே. ஆனால் அன்னைக்கு இந்த இடம் எவ்வாறு கிடைத்தது, அதற்காக உழைத்தவர் யார் என்பதை அறிந்து திரும்புவோர் குறைவு. அவர் மன்னர் அல்லர், ஜமீன்தாரும் அல்லர். நாணயங்களைச் சோதிக்கும் வேலை பார்த்து, பின்னர் செங்கல் சுட்டு, துணி விற்று, ஒருமுறை எல்லாவற்றையும் இழந்து, மீண்டும் எழுந்த ஒரு தமிழர். அவர் பெயர் நாராயண பிள்ளை.

வெள்ளியை நோட்டம் பார்த்தவர்

1819-ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியான ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் சிங்கப்பூர்த் தீவில் இறங்கினார். பிப்ரவரி 6-ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாகி, அங்கே கம்பெனியின் வணிகத் தளம் அமைந்தது. சில நாள்களில் புறப்பட்டுச் சென்ற ராஃபிள்ஸ், அவ்வாண்டு மே மாத இறுதியில் 'இண்டியானா' என்னும் கப்பலில் இரண்டாம் முறையாக வந்தார். அக்கப்பலில் பினாங்கிலிருந்து உடன் வந்தவர்தாம் நாராயண பிள்ளை. பினாங்கில் அவர் அரசாங்க எழுத்தராகப் பணியாற்றியவர்.

அன்றைய சிங்கப்பூரை இன்றைய நகரத்தைக் கொண்டு கற்பனை செய்ய இயலாது. ஆற்றின் முகத்துவாரத்தில் சில குடிசைகள். அதற்கு அப்பால் சதுப்பும் காடும். கப்பல்கள் வரத் தொடங்கியதும் வணிகம் பெருகிற்று. ஆனால் வணிகத்துக்கு நம்பகமான நாணயம் வேண்டும். ஸ்பானிய வெள்ளி முதலான பல நாட்டுக் காசுகள் கை மாறிய துறைமுகம் அது. நல்ல காசு எது, கள்ளக் காசு எது என்று பிரித்தறியாவிட்டால் வணிகன் ஒரே நாளில் ஏமாந்து போவான். கருவூலத்தில் தலைமை எழுத்தராக அமர்ந்து காசுகளை நோட்டம் பார்க்கும் பொறுப்பு நாராயண பிள்ளைக்குக் கிடைத்தது. சிங்கப்பூர்த் தமிழர் இன்றும் டாலரை 'வெள்ளி' என்றே சொல்கிறார்கள். அந்த வெள்ளிகளைத் தட்டியும் தடவியும் நம்பகம் சொன்ன தொடக்க காலத் தமிழர் இவர்.

நோட்டம் பார்ப்பவனுக்கு வேண்டிய முதல் தகுதி கூரிய கண் அன்று, சஞ்சலமற்ற மனம். பிறர் பணத்தை நாள் முழுவதும் கையில் வைத்திருந்து, மாலையில் வெறுங்கையுடன் வீடு திரும்பும் மனம் அது. அத்தகைய மனம் உடையவரிடம் பின்னாளில் ஓர் ஊரே தன் கோயில் காரியத்தை ஒப்படைத்தது பொருத்தமே.

முதல் செங்கற்சூளை

ஊர் வளர வேண்டுமானால் வீடுகள் எழ வேண்டும். வீடுகள் எழச் செங்கல் வேண்டும், கொத்தனார் வேண்டும், தச்சர் வேண்டும். இவை எவையும் போதிய அளவில் அங்கே இல்லை என்பதை நாராயண பிள்ளை கண்டார். பினாங்கிலுள்ள தம் நண்பர்களுக்குச் சொல்லி அனுப்பினார். கொத்தனார்களும் தச்சர்களும் துணி வணிகர்களும் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தார்கள். தஞ்சோங் பகார் பகுதியில் அவர் செங்கற்சூளை அமைத்தார். சிங்கப்பூரின் முதல் இந்தியக் கட்டட ஒப்பந்ததாரர் என்று வரலாறு அவரைக் குறிப்பிடுகிறது.

அதனுடன் கிராஸ் தெருவில் ஒரு துணிக்கடையையும் தொடங்கினார். பருத்தித் துணி வணிகத்தில் அக்கடை ஊரிலேயே பெரியதாக விளங்கிற்று. கப்பலேறி வந்த எழுத்தர், இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் சூளைக்கும் கடைக்கும் உரிமையாளர் ஆனார். புதிதாகத் தோன்றும் நகரங்களில் இப்படி விரைவாக உயர்ந்தவர்கள் உண்டு. விரைவாக வீழ்ந்தவர்களும் உண்டு. நாராயண பிள்ளை இரண்டையும் கண்டார்.

1822-இல் ஏற்பட்ட தீயில் அவருடைய கடை எரிந்து சாம்பலாயிற்று. காப்பீடு என்னும் ஏற்பாடு சிறு வணிகருக்கு எட்டாத காலம் அது. சரக்கு போயிற்று, கடன் நின்றது. நேற்றுவரை ஊரில் பெரிய மனிதராக நடமாடியவர், இன்று கடன்காரர் ஆனார். அந்நிலையில் மனமுடைந்து பினாங்குக்கே கப்பல் ஏறியிருந்தாலும் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போகவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் மூன்றாம் முறையாக வந்திருந்த ராஃபிள்ஸிடம் தம் நிலையை எடுத்துரைத்து உதவி வேண்டினார். கமர்ஷியல் ஸ்குவேர் எனப்பட்ட வணிகச் சதுக்கத்தில் அவருக்கு நிலம் கிடைத்தது. அங்கே புதிய பண்டகசாலை எழுப்பி வணிகத்தை மறுபடி தொடங்கினார். 1858-இல் ராஃபிள்ஸ் பிளேஸ் என்று பெயர் மாற்றப்பட்ட அந்தச் சதுக்கம், இன்று சிங்கப்பூரின் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நிறைந்த மையம்.

இடம் தேடிய ஆண்டுகள்

வீழ்ச்சியும் எழுச்சியும் நிகழ்ந்த அதே ஆண்டுகளில்தான் கோயிலுக்கான முயற்சியும் நடந்தது என்பது கருதத்தக்கது. வசதி வந்த பின் கோயில் கட்டலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.

கடல் கடந்து வந்த தமிழர்களுக்கு அன்றைக்குக் கோயில் வெறும் வழிபாட்டு இடமாக மட்டும் இருக்கவில்லை. புதிய தட்பவெப்பம், காட்டுக் காய்ச்சல், அம்மை, உறவினர் அற்ற தனிமை ஆகியவற்றின் நடுவே வாழ்ந்தவர்கள் அவர்கள். கிராமத்து எல்லையில் நின்று நோய் நொடியிலிருந்து காத்த மாரியம்மனை அவர்கள் மனம் தேடியது இயல்பு. ஊருக்கு ஒரு மாரியம்மன் என்பது தமிழ் வழக்கம். புதிய ஊருக்கும் ஓர் அன்னை வேண்டுமல்லவா?

கோயிலுக்காக முதலில் தெலோக் ஆயர் தெருவில் இடம் ஒதுக்கப்பட்டது. அக்காலத்தில் அத்தெரு கடற்கரையை ஒட்டியிருந்தது. கடல் நீர் அருகில் இருந்தும் வழிபாட்டுக்கு ஏற்ற நன்னீர் இல்லை. அபிஷேகத்துக்கு நீர் இல்லாத இடத்தில் ஆலயம் எவ்வாறு அமைப்பது? அந்த இடம் கைவிடப்பட்டது.

1821-இல் ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் அருகே வேறோர் இடம் கிடைத்தது. நீர்க்குறை தீர்ந்தது என்று மகிழ்ந்த வேளையில் வேறு தடை எழுந்தது. 1822-இல் நகரத்தை முறைப்படுத்த ராஃபிள்ஸ் ஒரு குழுவை அமைத்தார். லெப்டினன்ட் ஜாக்சன் வரைந்த நகரத் திட்டம் ஒவ்வோர் இனத்தவருக்கும் ஒவ்வொரு பகுதியை வகுத்தது. கால்வாய் அருகிலிருந்த பகுதி வேறு பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டது. கோயில் எழுப்பும் முன்பே அந்த இடமும் கை நழுவியது.

மனை கிடைத்தும் அனுமதி கிடைக்காமல் அலைந்த அனுபவம் உடையவர்கள் அந்த வேதனையை உணர்வார்கள். கடை எரிந்ததும் அதே 1822. கோயில் இடம் போனதும் அதே திட்ட காலம். மறு ஆண்டு, 1823-இல், சவுத் பிரிட்ஜ் சாலையில் மூன்றாவது இடம் அளிக்கப்பட்டது. அங்கேதான் அன்னை இன்றும் வீற்றிருக்கிறாள்.

இடம் கிடைத்ததும் ஆலயம் உடனே எழவில்லை. மேலும் நான்கு ஆண்டுகள் சென்றன. 1824 ஜனவரியில் எடுக்கப்பட்ட முதல் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூரில் இருந்தோர் 10,683 பேர். அவர்களுள் இந்தியர் 756 பேர். சிறு கூட்டம்; அவர்களுள் பெரும்பாலோர் நாள் கூலியால் வாழ்ந்தவர்கள். அவர்களை நம்பித்தான் அந்த முயற்சி நடந்தது.

கூரைக் கோயிலில் சின்ன அம்மன்

1827-இல் நாராயண பிள்ளை எழுப்பிய கோயில் மரச்சட்டங்களாலும் அத்தாப்பு எனப்படும் ஓலைக் கூரையாலும் ஆனது. ஊருக்கெல்லாம் செங்கல் கொடுத்தவர், அன்னைக்கு ஓலைக் கூரையே வேய்ந்தார்! முதலில் கேட்கும்போது இது முரண்பாடாகத் தோன்றலாம். ஆனால் தமிழகத்துக் கிராமக் கோயில்களின் வரலாற்றை நினைத்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. எத்தனையோ பெரிய ஆலயங்கள் ஒரு வேப்பமரத்தடியில், ஒரு கல்லில், ஒரு கீற்றுக் கொட்டகையில் தொடங்கியவைதாம். மண்டபம் பின்னால் வரும். விளக்கு முதலில் ஏற்றப்பட வேண்டும்.

அந்தக் கூரையின்கீழ் அவர் பிரதிஷ்டை செய்த திருவுருவம் 'சின்ன அம்மன்' என்று அழைக்கப்பட்டது. உருவில் சிறியவள் ஆதலின் அப்பெயர். இன்றைய கருவறையில் எழுந்தருளியிருப்பது அந்தச் சின்ன அம்மனே என்பது ஆலய மரபு. கம்பீரமான விமானத்தின் அடியில், ஆபரணங்களுக்கும் மாலைகளுக்கும் இடையே, அளவில் சிறிய அந்த அன்னையைத் தரிசிக்கும்போது, முதல் நாளின் ஓலைக் கூரையையும் அகல் விளக்கையும் நினைத்துக்கொள்வது பக்தியை இன்னும் ஆழமாக்கும்.

ஆலயம் ஒரு தனி மனிதரோடு நின்றுவிடவில்லை. 1831-இல் சேஷாசலம் பிள்ளை என்பவர் நிலம் அளித்ததை ஆலயத்தில் உள்ள கல்வெட்டு கூறுகிறது. 1843-இல் கோயில் செங்கற் கட்டடமாக மாறிற்று. 1862-63 ஆண்டுகளில் பெரிய அளவில் திருப்பணி நடந்தது. நாகப்பட்டினம், கடலூர் வட்டாரங்களிலிருந்து வந்த கைவினைஞர்கள் சிற்பப் பணிகளைச் செய்தார்கள். 1903-இல் முதல் கோபுரம் எழுந்தது. இன்று காணும் இராஜகோபுரம் 1925-இல் அமைந்தது; அதிலுள்ள சிற்பங்கள் 1960-களில் புதுப்பொலிவு பெற்றன. ஒருவர் நட்டதற்கு ஊரார் தலைமுறை தலைமுறையாக நீர் வார்த்தார்கள்.

தஞ்சம் தந்த திருமுற்றம்

நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்து இறங்கிய ஒரு கூலித் தொழிலாளியை எண்ணிப் பார்க்கலாம். கையில் ஒரு மூட்டை, மொழி தெரியாத ஊர், தங்க இடமில்லை. அத்தகையோருக்கு வேலையும் உறைவிடமும் கிடைக்கும் வரை இந்த ஆலயம் அடைக்கலம் தந்தது. திருமணப் பதிவுக்கும் இதுவே இடமாக இருந்தது. சிங்கப்பூரில் இந்துத் திருமணங்களை நடத்தி வைக்கும் அதிகாரம் இந்த ஆலயத்துக்கு மட்டுமே இருந்த காலம் ஒன்று உண்டு. இன்றைய சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் தாத்தாவும் பாட்டியும் மாலை மாற்றிக்கொண்டது இந்த அன்னையின் சந்நிதியில்தான்.

நாராயண பிள்ளையும் கோயில் கட்டியதோடு ஒதுங்கிவிடவில்லை. தென்னிந்திய மக்களின் தலைவர்களில் ஒருவராக அவரை அரசு ஏற்றது. அவர்களுக்குள் எழும் வழக்குகளைத் தீர்த்து வைக்கும் உரிமையும் அவருக்கு அளிக்கப்பட்டது. காசின் தரத்தை ஆராய்ந்தவர், பின்னாளில் சொல்லின் தரத்தை ஆராய்ந்து நியாயம் சொன்னார்.

இந்த ஆலயத்தின் அயலாரையும் குறிப்பிட வேண்டும். சில அடி தூரத்தில், அதே சாலையில், தென்னிந்திய முஸ்லிம்கள் 1826-இல் நிறுவிய ஜாமியா சூலியா பள்ளிவாசல் உள்ளது. பள்ளிவாசலால் ஒரு தெரு மாஸ்க் தெரு என்றும், அம்மன் கோபுரத்தால் மற்றொன்று பகோடா தெரு என்றும், ஆலயத்தால் மூன்றாவது டெம்பிள் தெரு என்றும் பெயர் பெற்றன. சீனர்கள் நிறைந்து வாழ்ந்த பகுதியின் தெருக்கள் தமிழர்களின் வழிபாட்டு இடங்களால் பெயர் பெற்றிருப்பது அந்நகரத்தின் தனிச் சிறப்பு. சீன அன்பர்கள் பலர் இன்றும் அம்மன் சந்நிதியில் கை கூப்பி நிற்பதைக் காணலாம்.

தீயில் நடக்கும் திருவிழா

இவ்வாலயத்தில் மாரியம்மனுக்கு அடுத்தபடியாகச் சிறப்புடையது திரௌபதி அம்மன் சந்நிதி. பாண்டவர் ஐவரும் அருகே எழுந்தருளியுள்ளனர். 1840 முதல் இங்கே தீமிதித் திருவிழா நடந்து வருகிறது. கடலூர், நாகை வட்டாரங்களில் வேரூன்றிய திரௌபதி வழிபாடு, அங்கிருந்து வந்த மக்களோடு கடல் கடந்து வந்து நிலைபெற்றது.

ஆடி மாதம் தொடங்கியே மகாபாரதத்தை ஒட்டிய சடங்குகள் ஒவ்வொன்றாக நடைபெறுகின்றன. திரௌபதி திருக்கல்யாணம், அரவான் களப்பலி, படுகளம் என்று பாரதக் கதை ஆலய வளாகத்தில் மீண்டும் நிகழ்கிறது. ஐப்பசியில், தீபாவளிக்குச் சற்று முன்னதாக, தீமிதி நாள் வருகிறது. சிராங்கூன் சாலையிலுள்ள ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து அடியார்கள் மஞ்சள் ஆடையும் வேப்பிலையுமாகப் புறப்பட்டு, ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நடந்து அன்னையின் சந்நிதியை அடைகிறார்கள். பூக்குழியில் இறங்கி நடந்து, அதன் முடிவில் உள்ள பால்குழியில் பாதம் நனைக்கிறார்கள். பெண்கள் கும்பிடுதண்டமும் ஆண்கள் அங்கப்பிரதட்சணமும் செய்கிறார்கள்.

தீயால் அனைத்தையும் இழந்த ஒருவர் எழுப்பிய ஆலயத்தில், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் தீயின்மேல் நடந்து அன்னையிடம் சேர்கிறார்கள். தீ அழிக்கும் என்பதை அவர் கண்டார். நம்பிக்கை உள்ளவனைத் தீயும் கடக்க விடும் என்பதை அவர் வழித்தோன்றலான அடியார் கூட்டம் ஆண்டுதோறும் காட்டுகிறது.

நிலைத்தது எது?

நாராயண பிள்ளை பிறந்த நாளோ மறைந்த நாளோ வரலாற்றில் பதிவாகவில்லை. அவர் சுட்ட செங்கல் எந்தச் சுவரில் இருக்கிறது என்று இன்று யாராலும் காட்ட முடியாது. கிராஸ் தெருவில் அவர் கடை இல்லை. ராஃபிள்ஸ் பிளேஸில் அவர் பண்டகசாலை நின்ற இடத்தை அடையாளம் காண வழியில்லை. அங்கே கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்துவிட்டன. 1957-இல் அவர் நினைவாகப் பாய லேபார் பகுதியில் ஒரு சாலைக்குப் பிள்ளை சாலை என்று பெயரிட்டார்கள். 2019-இல், ராஃபிள்ஸ் வந்திறங்கிய இருநூறாம் ஆண்டின் தொடக்கத்தில், சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலைக்கு அருகே சில நாள்களுக்கு வேறு நால்வரின் சிலைகளை நிறுத்தினார்கள். சங் நீல உத்தமா, டான் டோக் செங், முன்ஷி அப்துல்லா ஆகியோருடன் நாராயண பிள்ளையும் அங்கே நின்றார். நகரத்தை உருவாக்கியவர் ஒருவர் மட்டுமல்லர் என்று சொல்ல விரும்பிய நாடு, அவரையும் நினைவுகூர்ந்தது. பின்னர் அச்சிலையும் அகற்றப்பட்டது.

அவருடைய வாழ்வுக்கு ஓர் ஐந்தொகை எழுதினால் என்ன மிஞ்சும்? வரவில் எழுதிய பெரும்பாலானவை காலத்தின் கணக்கில் தள்ளுபடியாகிவிட்டன. தமக்கு என்று அவர் சேர்த்தவை போயின. பொதுவுக்கு என்று கொடுத்தது மட்டும் நிற்கிறது.

அதுவும் தானாக நிற்கவில்லை. பொதுச் சொத்தைக் காப்பது அதை உண்டாக்குவதைவிடக் கடினம். நிலத்தின் மதிப்பு உயர்ந்துகொண்டே சென்ற நகரத்தில் ஓர் ஆலயத்தின் நிலமும் வருவாயும் ஒழுங்காகப் பேணப்பட வேண்டுமானால் சட்டத்தின் துணையும் தேவைப்படுகிறது. 1905-ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் அமைந்த முஸ்லிம்-இந்து அறக்கட்டளைக் குழு இந்த ஆலயத்தின் நிர்வாகத்தை ஏற்றது. பின்னர் 1968-ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த இந்து அறக்கட்டளை வாரியம் அப்பொறுப்பை மேற்கொண்டது. இன்று இவ்வாரியம் ஸ்ரீ மாரியம்மன், ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள், ஸ்ரீ சிவன், ஸ்ரீ வைராவிமட காளியம்மன் ஆகிய நான்கு ஆலயங்களைப் பராமரிக்கிறது. 1973 ஜூலை 6-ஆம் நாள் சிங்கப்பூர் அரசு ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. இரண்டு முறை இடம் இழந்த அன்னையை இனி யாரும் இடம் பெயர்க்க முடியாது.

ஆகம மரபுப்படி உரிய இடைவெளிகளில் திருப்பணியும் குடமுழுக்கும் நடந்து வருகின்றன. 1936, 1949, 1962, 1971, 1984, 1996, 2010 ஆகிய ஆண்டுகளைத் தொடர்ந்து, 2023 பிப்ரவரி 12-ஆம் நாள் குடமுழுக்கு நிகழ்ந்தது. ஏறத்தாழ 35 லட்சம் வெள்ளிச் செலவில் திருப்பணி நடைபெற்றது. தமிழகத்துச் சிற்பிகளின் கைவண்ணத்தில் சுதைச் சிற்பங்கள் மீண்டும் ஒளி பெற்றன. ஏறத்தாழ 20,000 பக்தர்கள் திரண்டு புனித நீர்த் துளிகளைத் தலையில் ஏற்றார்கள். முதல் குடமுழுக்கைக் கண்ட நாள்கூலிக்காரர்களின் கொள்ளுப் பேரர்கள் அக்கூட்டத்தில் இருந்திருப்பார்கள்.

முதுமையை எட்டிய பெரியோர் பலருக்கும் ஒரு கேள்வி மனத்தில் எழுவதுண்டு. இத்தனை ஆண்டு உழைப்பில் எதை விட்டுச் செல்கிறோம் என்பதே அது. வீடு பிள்ளைகளுக்கு, நகை பெண்களுக்கு, வைப்புநிதி பேரப்பிள்ளைகளுக்கு என்று பிரித்த பின்னும் அக்கேள்வி அடங்குவதில்லை. அத்தகையோர் நாராயண பிள்ளையின் வாழ்வை எண்ணிப் பார்க்கலாம். கோயில் கட்ட எல்லோராலும் இயலாது. ஆனால் ஊர்க் கோயிலுக்கு ஒரு கால பூஜைக்கான எண்ணெய், ஓர் ஏழைப் பிள்ளையின் கல்விக் கட்டணம், வழிப்போக்கருக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி என்று எதுவாயினும், வசதி முழுமையாக வரட்டும் என்று தள்ளிப் போடாமல் இன்றைக்கு இயன்ற அளவில் தொடங்குவதே அவர் காட்டிய வழி. ஓலைக் கூரையாக இருந்தாலும் போதும். செங்கல்லைப் பின்வருவோர் கொண்டு வருவார்கள்.

தரிசனம் செய்ய

சைனாடவுன் எம்.ஆர்.டி. நிலையத்தில் இறங்கிப் பகோடா தெரு வழியே சில நிமிடங்கள் நடந்தால், தெருவின் முடிவில் கோபுரம் கண்ணில் படும். மேக்ஸ்வெல் நிலையத்திலிருந்தும் எளிதில் நடந்து செல்லலாம். காலையிலும் மாலையிலும் நடை திறந்திருக்கும்; நண்பகலில் சாத்தப்படும். மதில்மேல் வரிசையாக அமர்ந்திருக்கும் நந்திகளைக் கண்டு, மணிகளை ஒலித்து, உள்ளே சென்று சின்ன அம்மனை வணங்கும்போது, இந்த இடத்துக்காகக் காத்திருந்த அந்த மனிதரையும் ஒரு கணம் நினைத்து வணங்கலாம். அன்னை மகிழ்வாள்.